பேனாவில் அழித்த வரி

நாத்தனார் ஸ்டூடியோவின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, அண்ணி ஒரு கைக்குழந்தையின் பாஸ்போர்ட் படத்துக்காகச் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை சாவியைப் பார்க்கவில்லை. வந்தவளைப் பார்த்தது. கண் விரிய, வாய் மூடி, நேராக. அண்ணி பட்டனை அமுக்கிவிட்டாள். அரை மணி நேரமாக இழுத்தடித்த வேலை ஒரே நொடியில் முடிந்தது. "உங்க கைராசியே தனி" என்றார் குழந்தையின் அப்பா. குழந்தை பார்த்தது யாரை என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணி பார்த்தாள்.

நாத்தனார் அந்தக் கதவுக்குள் காலடி வைத்துப் பதினோரு வருஷமாகியிருந்தது. அண்ணன் வீட்டுக்கு வருவாள், அதில் குறை வைத்ததில்லை. வருவாள், சாப்பிடுவாள், தன் தட்டோடு மற்றவர்கள் தட்டையும் சேர்த்துக் கழுவி வைப்பாள், அண்ணியிடம் வெயிலைப் பற்றியும் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசுவாள். வீட்டிலிருந்து நாலு கடை தள்ளி இருக்கும் ஸ்டூடியோவுக்கு மட்டும் வர மாட்டாள். வேலைக்கான அடையாள அட்டைக்குப் படம் தேவைப்பட்டபோதுகூட இரண்டு பஸ் மாறிப் போய் எங்கேயோ எடுத்துக்கொண்டாள். அண்ணி அந்த அட்டையைப் பார்த்திருக்கிறாள். தலைக்குக் கீழே கழுத்தே இல்லாமல் எடுத்திருந்தார்கள். பார்த்ததும் வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆனால் எந்த வாயோடு சொல்வது?

குழந்தையும் அப்பாவும் போன பிறகு, நாத்தனார் ஒரு டிபன் டப்பாவை மேஜைமேல் வைத்தாள். மூடியைத் திறந்தால் உள்ளே சுருட்டிச் சுருட்டி வைத்த காலுறைகள்.

"சாக்ஸ் புதுசுதான் அண்ணி" என்றாள் முன்கூட்டியே.

ஒவ்வொரு காலுறைக்குள்ளும் ஒரு பேனா. மரத்தில் கடைந்த பேனாக்கள். ஒன்று தேன் நிறம், ஒன்று கரிக்கறுப்பு, ஒன்று காய்ந்த ரத்தத்தின் சிவப்பு. நடுவில் சற்றே பருத்து, விரல் பிடிக்கும் இடத்தில் மெலிந்து, வழவழவென்று இருந்தன. நாத்தனார் ஒரு கடைசல் பட்டறையில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். நாற்காலிக் கால், கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் அவள் கையில் உருண்டு வருபவை. வேலை முடிந்ததும் அதே மிஷினில் மிச்சத் துண்டுகளை வைத்து ஏதோ செய்கிறாள் என்று தன் கணவர் சொல்லி அண்ணி கேட்டிருந்தாள். பம்பரம் மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தாள். இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை.

"கைவினைக் கண்காட்சிக்கு எழுதிப் போட்டேன். திருப்பி அனுப்பிட்டாங்க." நாத்தனார் கைப்பேசியை நீட்டினாள். அனுப்பிய படங்களில் பொருள் இன்னதென்று தெளிவாகத் தெரியவில்லை, வேண்டுமானால் மூன்று வாரத்துக்குள் ஐந்து நல்ல படங்களோடு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருந்தது. அவள் எடுத்த படங்களையும் காட்டினாள். பூப்போட்ட படுக்கை விரிப்பின்மேல் பேனாக்கள். எது பூ, எது பேனா என்று தேட வேண்டியிருந்தது. ஒரு படத்தின் ஓரத்தில் அவளுடைய கால் கட்டைவிரலும் இருந்தது.

"வேற ரெண்டு இடத்துல கேட்டேன். ஆளைத்தான் எடுப்போம், பேனாவையெல்லாம் எடுக்க மாட்டோம்னுட்டாங்க."

அதாவது, அண்ணியின் ஸ்டூடியோ மூன்றாவது இடம். அண்ணிக்கு அதில் வருத்தமே வரவில்லை. மூன்றாவதாகவாவது வந்தாளே.

"ஞாயித்துக்கிழமை கடை லீவுதான். காலையிலயே வந்துடு" என்றாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். நாத்தனாருக்குப் பிறவியிலேயே இடது கன்னத்தில் ஒரு மச்சம். காதோரம் தொடங்கித் தாடைவரைக்கும், காப்பி சிந்தின மாதிரி. வீட்டில் யாருக்கும் அது கண்ணில் படுவதே இல்லை. பழகிவிட்டது. கல்யாணத்துக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது படம் எடுத்தது அண்ணிதான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நேரம். பரு, கருவளையம், அம்மைத் தழும்பு என்று வருகிறவர்கள் முகத்தையெல்லாம் துடைத்துத் துடைத்துக் கை பழகியிருந்தது. நாத்தனாரின் படம் திரையில் வந்ததும் மச்சத்தையும் அப்படியே துடைத்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள்.

படம் பிடித்துப்போய் ஒரு குடும்பம் வந்தது. கதவைத் திறந்தது நாத்தனார். மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பார்த்துச் சிரித்து, "நீங்க அக்காவா? உங்க தங்கச்சி எங்கம்மா?" என்று கேட்டார்.

தங்கச்சி என்று யாரும் இல்லை. வந்தவர்கள் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். நாத்தனார் அன்றைக்கும் சண்டை போடவில்லை, பிறகும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணி அழுதாவது தீர்த்திருப்பாள். நாத்தனார் ஸ்டூடியோவுக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

முதல் ஞாயிறு முழுக்கத் தோல்விதான்.

பாஸ்போர்ட் படத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெரிய ஃபிளாஷ் விளக்குகள் நிற்கும். பழக்க தோஷத்தில் அவற்றையே போட்டாள். ஒவ்வொரு பேனாவின் முதுகிலும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இரண்டு வெள்ளைக் கோடுகள் விழுந்தன.

"இதைப் பார்த்தா மரம்னு யாரும் சொல்ல மாட்டாங்க அண்ணி. பிளாஸ்டிக் பைப்புன்னு சொல்லுவாங்க."

சிவப்பு வெல்வெட் துணியின்மேல் வைத்தார்கள். துணியின் பிசிறெல்லாம் பேனாவில் ஒட்டிக்கொண்டு பூனை படுத்து எழுந்த இடம் மாதிரி ஆயிற்று. பக்கத்தில் ஒரு தடித்த புத்தகம், ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு ரோஜா என்று அடுக்கினாள் அண்ணி. மத்தியானம் டீ கொண்டுவந்த கணவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "படம் ஜோரா இருக்கு. பேனா எங்க?" என்று கேட்டார். அவர் லாரி மெக்கானிக். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார்.

அந்த வாரம் முழுவதும் அண்ணிக்கு அதே யோசனை. முகம் என்றால் "கொஞ்சம் நிமிருங்க, மூச்சை விடுங்க" என்று சொல்லலாம். பேனாவிடம் என்ன சொல்வது? வியாழக்கிழமை, மின்சாரம் போன ஒரு மணி நேரத்தில், பின்னறையின் பழைய ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பேனாவைச் சும்மா உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் பட்டதும் மரத்தின் வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அட, இவ்வளவுதானா என்று இருந்தது.

இரண்டாவது ஞாயிறு விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்தார்கள். ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்த பீரோவை நாத்தனார் ஒற்றை ஆளாகத் தோளால் தள்ளி நகர்த்தினாள். ஜன்னலுக்கு ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். வெயில் துணியில் வடிந்து பால் மாதிரி உள்ளே இறங்கியது. எதிர்ப்பக்கம் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தியதும் பேனாவின் விளிம்பு துல்லியமாக வெட்டிக்கொண்டு வந்தது. கீழே விரித்தது பட்டும் இல்லை, வெல்வெட்டும் இல்லை. ஃபிரேம் போட வைத்திருந்த சாம்பல் நிறத் தாள். பேனா நழுவாமலிருக்க அடியில் மிளகளவு மெழுகு. விரல் ரேகை படாமலிருக்க நாத்தனார் கைக்குத் துணி உறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள். கண்ணுக்குத் தெரியாத தூசியெல்லாம் திரையில் கடுகு மாதிரி தெரிந்தது. அதை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். நாற்காலிக் கால் கடைகிற கைக்கு அவ்வளவு நிதானம் இருக்கும் என்று அண்ணி எதிர்பார்க்கவில்லை.

முனை தெளிவாக வந்தால் வால் மங்கியது. கேமராவைப் பின்னால் நகர்த்திக் கொஞ்சம் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். பதினாறாவது படத்தில் பேனா முழுசாக வந்து உட்கார்ந்தது.

"அண்ணி!" என்றாள் நாத்தனார். திரையை விரலால் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் வாய் ஓயவில்லை. இது தேக்கு, சொன்னபடி கேட்கும். இது கருங்காலி, உளியை மழுங்கடிக்கும், ஆனால் முடித்துவிட்டால் கண்ணாடி. இது மாமரம், பரம சாது. மரத்துண்டின் நடுவே துளை போட்டுப் பித்தளைக் குழாய் செருகி ஒட்டும்போதுதான் பாதி மரம் பிளந்துகொள்ளும், அப்போதெல்லாம் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே போய் நிற்பேன் என்றாள். அவள் அவ்வளவு பேசி அண்ணி கேட்டதே இல்லை. தண்ணீர் வராததைப் பற்றிப் பேசிய பதினோரு வருஷமும் வீணாகப் போய்விட்டதே என்று இருந்தது.

கடைசியாக நாத்தனார் எடுத்துக் கொடுத்தது எலுமிச்சை மரத்தில் கடைந்த பேனா. வெண்ணெய் நிறம். அதன்மேல் ஒரு கறுப்பு வரி, மூடியின் நுனியில் தொடங்கி வளைந்து வளைந்து உடம்பைச் சுற்றிக்கொண்டு கீழே வரைக்கும் ஓடியது. அதைப் பற்றி மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. "இது இருக்கட்டும் அஞ்சாவதா" என்றாள், அவ்வளவுதான்.

"படத்தையெல்லாம் சரிபண்ணி நாளைக்குக் காட்டுறேன். பார்த்துட்டு அனுப்பலாம்."

"நீங்களே அனுப்பிடுங்க அண்ணி. பட்டறையில ஓவர்டைம் போட்டிருக்காங்க. நீங்க பார்த்தா போதாதா?"

திங்கள்கிழமை கடையில் கூட்டம். ஒரு கல்லூரிப் பையனின் பருக்களைத் துடைத்தாள். ஒரு அம்மாளின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை எடுத்தாள். இடையிடையே பேனாப் படங்களைத் திறந்து தூசியைச் சுத்தம் செய்தாள். ஐந்தாவது படம் வந்தது. அந்தக் கறுப்பு வரி பெரிய திரையில் விரிசல் மாதிரி தெரிந்தது. பிளந்த மரத்தைக் கறுப்புப் பசை வைத்து ஒட்டியிருக்கிறாள் போல, பாவம், மனசு வராமல் வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள். தேர்வு செய்கிறவர்கள் விரிசல் விட்ட பேனா என்று தள்ளிவிட்டால்? ஒரு தடவை தள்ளியதே போதும். மவுஸைப் பிடித்த கை தானாகப் போயிற்று. மூன்றே நிமிஷம். வெண்ணெய் மாதிரி வழவழவென்று ஒரு பேனா. அனுப்பிவிட்டாள்.

பத்தாம் நாள் பதில் வந்தது. இடம் கொடுத்துவிட்டார்கள். அது மட்டுமல்ல, கண்காட்சியின் துண்டுப் பிரசுரத்தில் ஒரு படத்தையும் போட்டு, அச்சான பிரதியைக் கூடவே அனுப்பியிருந்தார்கள். கணவர் கேக் வாங்கிக்கொண்டு வந்தார். "குட்டி பேப்பர்ல வந்துட்டா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். தங்கச்சிக்கு முப்பத்தாறு வயதாகியும் அவருக்கு அவள் குட்டிதான்.

பிரசுரத்தில் இருந்தது எலுமிச்சை மரப் பேனா. கட்டைவிரல் அளவு படம். நாத்தனார் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். திருப்பினாள், வெளிச்சத்தில் பிடித்தாள்.

"வரி தெரியலையே அண்ணி. பிரிண்ட்ல போயிடுச்சா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். கேக் வெட்டுகிற நேரம், கணவரின் சிரிப்பு, நாத்தனாரின் முகத்தில் என்றுமில்லாத ஒரு பொலிவு.

"ம்" என்றாள். "பிரிண்ட் மோசம்."

கண்காட்சி நாளன்று காலையில் மூன்று பேரும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்கள். வாசலில் கணவர்தான் முதலில் பார்த்தார். "ஏய், நம்ம பேனா!"

மண்டபத்தின் முகப்பில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். அதில் அந்தப் பேனா, தோல் சீவிய குச்சி மாதிரி, ஒரு புள்ளி இல்லாமல். கணவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியில் படம் எடுக்க ஆரம்பித்தார். நாத்தனார் அசையாமல் நின்றாள். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே பார்க்கத் தேவையே இல்லை. எந்த இடத்தில் என்ன செய்தாள் என்று அவளுக்கு மனப்பாடம்.

"இவ்வளவு பெரிசா பிரிண்ட் போட்டும் வரி வரல அண்ணி" என்றாள் நாத்தனார். குரலில் கோபம்கூட இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பத்து மணிக்குக் கதவு திறப்பார்கள். சண்டைக்கும் நேரமில்லை, சமாதானத்துக்கும் நேரமில்லை. இரண்டு பேரும் கடையை அடுக்கினார்கள். நாத்தனார் சாய்வாக மூன்று படிகள் வைத்து ஒரு பலகை செய்திருந்தாள். படிக்குப் படி பேனா உட்காரப் பள்ளம். ஒரு படி கறுப்புச் சாயம், மற்றவை மரத்தின் வெளிர் நிறம். வெளிர் பேனா கறுப்பின்மேல், கறுப்புப் பேனா வெளிரின்மேல். அது அண்ணி சொன்ன யோசனை. கொண்டுவந்தது நாற்பது பேனா, எடுத்து வைத்தது ஒன்பதுதான். "கூட்டமா வச்சா குரூப் போட்டோ மாதிரி ஆயிடும், எந்த முகமும் மனசுல நிக்காது" என்று போன வாரம் அண்ணி சொன்னபோது இரண்டு பேரும் சிரித்திருந்தார்கள். மண்டபத்தில் தலைக்கு மேலே டியூப்லைட். அதற்கு மாற்றாக அண்ணி வீட்டு மேஜை விளக்குக்கு எண்ணெய்த்தாள் ஒட்டிப் பக்கவாட்டில் வைத்தாள். எழுதிப் பார்க்க ஒரு நோட்டு. எல்லாம் கச்சிதமாக இருந்தது. பார்க்கத்தான் சந்தோஷமில்லை.

பதினொரு மணிக்கு ஒரு தலைமையாசிரியை வந்தார். கைப்பையிலிருந்து பிரசுரத்தை எடுத்து விரித்தார்.

"இந்தப் பேனா வேணும். எங்க வீட்டுக்காரர் அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறார்."

நாத்தனார் எலுமிச்சை மரப் பேனாவை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினாள். அந்த அம்மாள் வாங்கிப் பார்த்தார். பிரசுரத்தைப் பார்த்தார். பேனாவை உருட்டினார். மறுபடி உருட்டினார்.

"இது இல்லையேம்மா. இதுல கறுப்பா ஏதோ ஓடுதே. படத்துல இருக்கிறதைக் காட்டுங்க."

நாத்தனாரின் கை மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையைத்தான் அண்ணி பார்த்தாள். பார்த்ததும் முன்னால் வந்து நின்றாள்.

"படத்துல இருக்கிற பேனா உலகத்துலயே கிடையாதுங்க. இதுதான் நிஜம். படம் எடுத்தது நான். விரிசல்னு நினைச்சு அந்த வரியை நான்தான் கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டேன். இவங்களுக்குத் தெரியாது. இவங்களைக் கேட்கவும் இல்ல. தப்பு முழுக்க என்னோடது."

தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாக அண்ணியைப் பார்த்தார். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் பார்க்கிற பார்வை. "சரி, இது விரிசல் இல்லாம வேற என்ன?"

"மரம் வளரும்போது பட்டை உள்ள மாட்டிக்கிட்டு மூடிக்கும்" என்றாள் நாத்தனார் மெதுவாக. "அது அப்படியே மரத்தோட மரமா இறுகிடும். கடையும்போது தெறிச்சுப் போகாம காப்பாத்துறதுதான் கஷ்டம். இந்த வரி அறுபடாம வர்றதுக்கு நாலு துண்டு போச்சு. இது அஞ்சாவது."

கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் நோட்டில் நாலு எழுத்து எழுதிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு மனசுல பதிஞ்சது படத்துல இருக்கிறதுதான்" என்று சொல்லி, ஒரு மாமரப் பேனாவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணி நேராகக் கண்காட்சிப் பொறுப்பாளரிடம் போனாள். அவர் இரண்டு காதிலும் இரண்டு கைப்பேசி வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பேனரை இறக்கணுமா? ஏங்க, நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பொய்."

"நாளைக்குச் சாயங்காலம் எப்படியும் இறக்கிடுவோம்மா."

அவரோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. அண்ணி பஸ் பிடித்து ஸ்டூடியோவுக்குப் போனாள். கணினியில் தொடாத அசல் படம் பத்திரமாக இருந்தது. இருப்பதிலேயே பெரிய தாளில் அச்செடுத்தாள். தாள் வெளியே வரும்போது கறுப்பு வரி முதலில் நுனியில் ஒரு புள்ளியாகத் தெரிந்து, பிறகு வளைந்து வளைந்து மையில் இறங்கியது. அவள் அதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பார்த்ததெல்லாம் எப்படி எடுப்பது என்ற கண்ணோடுதான். எங்கே தடிக்கிறது, எங்கே நூலாக மெலிகிறது, எங்கே அறுந்துவிடுமோ என்று பயமுறுத்திவிட்டுச் சேர்ந்துகொள்கிறது என்று இப்போது தெரிந்தது. இதைப் போய்த் துடைத்தாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

திரும்பி வந்து அச்சைக் கடையின் பின்சுவரில் மாட்டினாள். கீழே ஒரு அட்டையில், "வாசலில் உள்ள படத்தில் வரி அழிக்கப்பட்டுள்ளது. அழித்தது படம் எடுத்தவர். உண்மையான பேனா இது" என்று எழுதி வைத்தாள். நாத்தனார் அதைப் படித்தாள். உதடு துடித்தது. சிரிப்பா, அழுகையா என்று அண்ணிக்குப் பிடிபடவில்லை.

சாப்பாட்டு நேரம். கூட்டம் வடிந்திருந்தது. கணவர் வேறு கடைகளைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார். பலகைக்குப் பின்னால் இரண்டு ஸ்டூலில் இரண்டு பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

"அன்னிக்கு அந்த மாப்பிள்ளை போனதுக்கு நான் ஒரு நாளும் அழல அண்ணி" என்றாள் நாத்தனார் திடீரென்று. "அந்த ஆள் முகம்கூட ஞாபகம் இல்ல. அந்தம்மா ‘தங்கச்சி எங்க’ன்னு கேட்டாங்களே, அதுகூடப் போகட்டும், அவங்களுக்கு என்ன தெரியும்? நீங்க அப்படித்தான் என்னைப் பார்க்குறீங்களான்னுதான் இருந்துச்சு. அப்போ ஒரே வீட்டுல தினமும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டவங்க. நம்ம அண்ணிக்கே நம்ம முகம் துடைச்சு எடுக்க வேண்டியதாத் தெரியுதான்னு."

சமாளித்துச் சொல்வதற்கான பதில்களையெல்லாம் அவள் இத்தனை வருஷமும் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். கை பழக்கம், எல்லாருக்கும் செய்வதுதான், நல்லதுக்குத்தான். அவற்றையெல்லாம் தள்ளி வைத்தாள்.

"எனக்குப் பயம்மா" என்றாள் கடைசியில். "உன்னை யாராவது வேண்டாம்னு சொல்லிட்டா என்னால தாங்க முடியாதுன்னு பயம். பேனாவுக்கும் அதே பயம்தான்."

"சொல்லட்டுமே. இன்னிக்கு அந்த டீச்சரம்மா சொன்னாங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"தப்பு பண்ணிட்டேன். ரெண்டு தடவை."

"மூணு. ‘பிரிண்ட் மோசம்’னு ஒண்ணு சொன்னீங்களே."

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது. நாத்தனார் பக்கத்தில் துழாவி, பேனா சுற்றி வந்த காலுறை ஒன்றை எடுத்து நீட்டினாள். அண்ணி அதில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அந்த அட்டை வேலை செய்ய ஆரம்பித்தது. படித்தவர்கள் வாசலுக்கு ஓடிப்போய்ப் பேனரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். வரி இருப்பது அழகா, இல்லாதது அழகா என்று முன்பின் தெரியாதவர்கள் கடை முன்னால் நின்று வாக்குவாதம் செய்தார்கள். இல்லாததுதான் அழகு என்று அடித்துச் சொன்னவர்களும் இருந்தார்கள். நாத்தனார் அவர்களிடம் கோபப்படவில்லை. அவர்களுக்கு மாமரத்தைக் காட்டினாள்.

எலுமிச்சை மரப் பேனா மறுநாள் போனது. வாங்கியவர் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர். பேனரையும் பார்க்கவில்லை, அட்டையையும் படிக்கவில்லை. கண்ணாடியைக் கொண்டுவர மறந்துவிட்டாராம். எடுத்தார், நோட்டில் கையெழுத்துப் போட்டுப் பார்த்தார், "கைக்கு இதமா இருக்கு" என்றார், சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். அந்த நேரத்தில் அண்ணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கறுப்புப் படியில் ஒரு பள்ளம் காலியாக இருந்தது. "போயிடுச்சா?" என்றாள். "போயிடுச்சு" என்றாள் நாத்தனார், அடுத்தவருக்குக் கருங்காலியைக் காட்டிக்கொண்டே.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டூடியோவின் பின்னறை நாத்தனாருடையது. ஜன்னல் பக்கம் பீரோ திரும்பவே இல்லை. வெள்ளைத் துணி நிரந்தரமாகத் தொங்குகிறது. முன்னறையில் ஒரு மாற்றம். படம் எடுக்க வருகிறவர்களிடம் அண்ணி, "மச்சம், மரு, தழும்பு எல்லாம் இருக்கட்டுமா, எடுக்கணுமா?" என்று கேட்கிறாள். பாதிப்பேர் எடுத்துவிடச் சொல்கிறார்கள். எடுத்துக் கொடுக்கிறாள். போன வாரம் ஒருவர் மூக்கையும் கொஞ்சம் சின்னதாக்கச் சொன்னார். "மூக்கைக் கூட்டிக்கிட்டுத்தானே நாளைக்கு நேர்ல போவீங்க?" என்று அண்ணி கேட்க, பின்னறையில் நாத்தனாருக்குப் புரையேறிவிட்டது.

அடுத்த கண்காட்சிக்குப் படம் அனுப்பும் நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. நேற்று நாத்தனார் ஒரு புதுப் பேனாவைக் கொண்டுவந்து சாம்பல் தாளின்மேல் வைத்தாள். கொய்யா மரம். ஒரு வரி, ஒரு புள்ளி இல்லாமல் பச்சைக் குழந்தையின் கை மாதிரி இருந்தது. அண்ணி கேமராவுக்குள் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன அண்ணி, யோசனை?"

"ஒண்ணுமே இல்லையே இதுல."

"ஒண்ணும் இல்லைதான். நீங்களா எதையாவது வரைஞ்சு வச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, நாத்தனார் ஜன்னல் துணியைக் கொஞ்சம் இழுத்துவிட்டாள். வெளிச்சம் சரியான இடத்தில் வந்து விழுந்தது.